பழைய ஹைபிரிட் காரில் எஞ்சின் மிஸ் அடிக்கிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்துப் பதினைந்து வயதான ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்கள் என்னிடம் கேட்பதில் பாதிக் கேள்விகள் இந்த ஒரு தொல்லையைப் பற்றியவைதான். பெரும்பாலோர் காயில் (பிளக்கில் பொறி விழ மின்சாரம் தரும் சுருள்), பிளக், சில சமயம் இன்ஜெக்டர் (பெட்ரோல் தெளிப்பான்) வரை மாற்றிவிட்டு, "இன்னும் உதறுதுங்க" என்று வருவார்கள். நான் முதலில் கேட்பது, "என்ன மாத்தினீங்க?" என்றல்ல; "எப்போ உதறுது?" என்றுதான். கீழே இருக்கும் பதில்கள் டொயோட்டா பிரியஸ், ஹோண்டா சிவிக் ஹைபிரிட், இன்சைட் போன்ற பழைய பெட்ரோல் ஹைபிரிட்களை மனதில் வைத்து எழுதியவை.

மிஸ் அடிப்பது என்றால் சரியாக என்ன?

சிலிண்டருக்குள் போன காற்றும் பெட்ரோலும் எரிய வேண்டிய நேரத்தில் எரியாமல் போவது, அல்லது அரைகுறையாக எரிவது. நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 1,000 சுற்று சுற்றினால் ஒவ்வொரு சிலிண்டரும் 500 முறை வெடிக்க வேண்டும். அதில் சில தவறினாலே கிராங்க் ஷாஃப்ட் ஒரு கணம் தொய்ந்து மீளும். கிராங்க் சென்சார் பல் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பதால் அந்தத் தொய்வு அதற்குத் தெரியும். எந்தச் சிலிண்டரின் முறை வந்தபோது தொய்ந்தது என்று கணக்குப் போட்டுத்தான் கம்ப்யூட்டர் கோளாறுக் கோடை (code) பதிவு செய்கிறது.

சாதாரண காரில் உடனே தெரிந்துவிடும். ஹைபிரிட்டில் ஏன் இவ்வளவு குழப்பம்?

மோட்டார் மூடி மறைத்துவிடுகிறது, அதனால்தான். சாதாரண காரில் ஒரு சிலிண்டர் படுத்தால் ஐடிலில் எஞ்சின் திணறும், சில சமயம் நின்றே போகும். பிரியஸில் எஞ்சினும் இரண்டு மோட்டார்களும் ஒரே கியர் தொகுப்பில் பிணைந்திருக்கின்றன. அதில் ஒரு மோட்டார்தான் ஸ்டார்ட்டர் வேலையும் செய்கிறது. எஞ்சினை 1,000 சுற்று அளவுக்குச் சுற்றவிட்ட பிறகுதான் பெட்ரோலும் பொறியும் போகும். எஞ்சின் தொய்ந்தால் அதே மோட்டார் தாங்கிப் பிடிக்கும். எஞ்சினிலிருந்து வராத சக்தியைப் பேட்டரி ஈடுகட்டும். ஓட்டுபவருக்குத் தெரிவதெல்லாம் மைலேஜ் கொஞ்சம் குறைந்ததும், பிக்கப் மந்தமானதும்தான்.

ஹோண்டாவின் ஐஎம்ஏ (இன்டகிரேட்டட் மோட்டார் அசிஸ்ட்) வகையில் மோட்டார் நேராகக் கிராங்க் ஷாஃப்டிலேயே உட்கார்ந்திருக்கிறது. அங்கேயும் இதே கதை.

போதாக்குறைக்கு, எஞ்சின் நினைத்தபோது ஓடும், நினைத்தபோது நிற்கும். சிக்னலில் உதறியது என்று பானெட்டைத் திறப்பதற்குள் எஞ்சின் அணைந்திருக்கும்.

உதறல் வந்தாலே மிஸ்ஃபயர்தானா?

இல்லை. எஞ்சின் ஆரம்பிக்கும்போதும் நிற்கும்போதும் மட்டும் "கடகட" என்று ஓர் அடி விழுந்து, ஓடும்போது சீராக இருந்தால், எஞ்சினுக்கும் டிரான்ஸ்ஆக்சிலுக்கும் (கியர் பெட்டி) நடுவே அதிர்வை வாங்கிக்கொள்ளும் டேம்பரைச் சந்தேகியுங்கள். அதன் ஸ்பிரிங்குகள் தளர்ந்தால் அப்படித்தான் சத்தம் வரும். எஞ்சின் மவுண்ட் ரப்பர் கிழிந்திருந்தாலும் சீட்டில் அதிர்வு தெரியும். இவை இரண்டிலும் ஸ்கேனர் காட்டும் மிஸ்ஃபயர் எண்ணிக்கை ஏறாது.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. மாதக்கணக்கில் மிஸ் அடித்த எஞ்சின் டேம்பரையும் சேர்த்து அடித்து நொறுக்கியிருக்கும். மிஸ்ஸைச் சரிசெய்த பிறகும் சத்தம் மிச்சமிருந்தால் வேலை சரியில்லை என்று மெக்கானிக்கோடு சண்டைக்குப் போகாதீர்கள். இரண்டாவது நோய் ஒன்று இருக்கலாம்.

செக் எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மின்னுகிறது. வீடு வரைக்கும் ஓட்டிவிடலாமா?

விளக்கு நிலையாக எரிவதும் மின்னுவதும் ஒன்றல்ல. நிலையாக எரிந்தால், கோளாறு பதிவாகியிருக்கிறது, சீக்கிரம் பாருங்கள் என்று பொருள். மின்னினால், எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் எரிந்துகொண்டிருக்கிறது, கன்வெர்ட்டர் உருகப் போகிறது என்று பொருள். ஆக்சிலேட்டரை விடுங்கள், பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டி அணையுங்கள். ஒரு காயிலோடு முடிய வேண்டிய செலவு கன்வெர்ட்டர் வரை போவது இப்படி ஓட்டித்தான்.

இழுத்துக்கொண்டு போகும்போது ஓட்டும் சக்கரங்கள் தரையில் உருளக் கூடாது. சக்கரம் சுற்றினால் மோட்டாரும் சுற்றும், சுற்றினால் மின்சாரம் உண்டாகும். முழு வண்டியும் மேலே ஏறும் லாரிதான் சரி.

ஸ்கேனரில் வரும் எண்களுக்கு என்ன அர்த்தம்?

பி0301 (P0301) என்றால் முதல் சிலிண்டர், பி0302 இரண்டாவது, இப்படியே பி0304 வரை. பி0300 என்றால் எந்தச் சிலிண்டர் என்று பிடிபடாமல் பல இடங்களில் தவறுகிறது. ஒரே சிலிண்டரைக் காட்டினால் அந்தச் சிலிண்டருக்கே உரிய பொருளைத் தேடுங்கள்: பிளக், காயில், இன்ஜெக்டர், வால்வு. பி0300 வந்தால் எல்லாச் சிலிண்டருக்கும் பொதுவானதைத் தேடுங்கள்: காற்று, பெட்ரோல் அழுத்தம், ஈஜிஆர் (புகையில் ஒரு பங்கை எஞ்சினுக்கே திருப்பி அனுப்பும் அமைப்பு).

பி0351 முதல் பி0354 வரை வந்தால் அதிர்ஷ்டம். காயில் சுற்றில் கோளாறு என்று கம்ப்யூட்டரே கைகாட்டுகிறது. பி0171 கூட வந்தால் பெட்ரோலுக்கு ஏற்றதைவிடக் காற்று அதிகம்.

ஹைபிரிட்டுக்கென்றே சில கோடுகள் உண்டு. பழைய பிரியஸில் பி3190 என்றால் எஞ்சின் கேட்ட சக்தியைத் தரவில்லை; பி3191 என்றால் எஞ்சின் பற்றவே இல்லை. பிந்தைய வண்டிகளில் பி0ஏ0எஃப் (P0A0F) இதே செய்தியைச் சொல்லும். இவற்றைப் பார்த்ததும் ஹைபிரிட் பேட்டரி போய்விட்டது என்று அலறுபவர்கள் உண்டு. உண்மையில் இது பெட்ரோல் எஞ்சின் மேல் மோட்டார் பக்கம் கொடுக்கும் புகார். பெட்ரோல் டேங்க் காலியானாலே இந்த மாதிரிக் கோடு விழும், ஆகவே முதலில் பெட்ரோல் முள்ளைப் பாருங்கள். சிரிக்காதீர்கள், நடந்திருக்கிறது.

மலிவான ஓபிடி ஸ்கேனர்கள் எஞ்சின் கோடுகளை மட்டும் படிக்கும். ஹைபிரிட் கம்ப்யூட்டரையும் படிக்கக்கூடியது வேண்டும். கோடை அழிப்பதற்கு முன்பு ஃப்ரீஸ் ஃபிரேம் பக்கத்தைப் படம் எடுத்து வையுங்கள். கோளாறு விழுந்த நொடியில் கூலண்ட் சூடு எவ்வளவு, எஞ்சின் வேகம் எவ்வளவு, பளு எவ்வளவு என்று அதில் இருக்கும். அழித்தால் அதுவும் போய்விடும்.

சரி, எங்கிருந்து ஆரம்பிப்பது?

உதறும் நேரத்திலிருந்து.

இரவெல்லாம் நின்ற வண்டி காலையில் முதல் முறை எஞ்சின் பற்றும்போது சில நொடிகள் தூக்கிப்போட்டு, பிறகு ஒன்றுமே நடக்காததுபோல ஓடினால், கூலண்ட் சிலிண்டருக்குள் கசிகிறதா என்று பாருங்கள். மேட்டில் ஏறும்போது, அழுத்தி மிதிக்கும்போது மட்டும் வெட்டினால் பிளக்கும் காயிலும். அழுத்தம் ஏற ஏற பொறி தாண்டுவது கடினம் என்பதால் பலவீனமான காயில் அப்போதுதான் காட்டிக்கொடுக்கும். சீரான வேகத்தில், லேசாக மிதித்துப் போகையில் முன்னும் பின்னும் இழுத்தால் ஈஜிஆர். ஐடிலில் மட்டும் தள்ளாடினால் காற்றுக் கசிவு, அழுக்கான த்ராட்டில் பாடி (எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் வாய்). மழை நாளிலும் எஞ்சின் கழுவிய மறுநாளும் வந்தால் காயிலின் ரப்பர் உறைக்குள் ஈரம். பெட்ரோல் போட்டவுடன் ஆரம்பித்தால் பெட்ரோல்.

எல்லா நேரமும் ஒரே மாதிரி, ஒரே சிலிண்டர் என்றால் பாதி வேலை முடிந்தது.

எஞ்சின் தானாக நின்றுவிடுகிறதே, எப்படிச் சோதிப்பது?

இரண்டாம், மூன்றாம் தலைமுறைப் பிரியஸில் இதற்கென்று மெயின்டனன்ஸ் மோடு இருக்கிறது. பிரேக்கை மிதிக்காமல் பவர் பட்டனை இரண்டு முறை அழுத்தினால் டேஷ்போர்டு உயிர்பெறும். பார்க் (P) நிலையில் ஆக்சிலேட்டரை முழுதாக இரண்டு முறை மிதித்து விடுங்கள். நியூட்ரல் (N) நிலைக்கு மாற்றி இரண்டு முறை. மறுபடி பார்க்கில் இரண்டு முறை. இதையெல்லாம் ஒரு நிமிடத்துக்குள் முடித்துவிட்டு, பிரேக்கை மிதித்துப் பவர் பட்டனை அழுத்தினால் எஞ்சின் பற்றி, அணைக்கும் வரை ஓடிக்கொண்டிருக்கும். இந்த நிலையில் வண்டியைச் சாலையில் ஓட்டாதீர்கள். மற்ற கம்பெனி வண்டிகளுக்கு வேறு முறை. சர்வீஸ் கையேட்டில் இருக்கும்.

ஹை வோல்டேஜ் பயமாக இருக்கிறது. நானே பானெட்டைத் திறக்கலாமா?

பயம் நல்லதுதான். இரண்டாம் தலைமுறைப் பிரியஸின் பேட்டரி 201.6 வோல்ட், இன்வெர்ட்டர் (பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டி) அதை 500 வோல்ட் வரை ஏற்றும். மூன்றாம் தலைமுறையில் 650 வரை. ஆரஞ்சு நிறக் கேபிளையும், அது போய்ச் சேரும் பெட்டியையும் தொடாதீர்கள். பிளக், காயில், ஏர் ஃபில்டர், த்ராட்டில் பாடி எதற்கும் ஆரஞ்சு கேபிளைத் தொட வேண்டிய அவசியமே இல்லை.

உண்மையான ஆபத்து இன்னொன்று. ரெடி விளக்கு எரியும் வண்டி எந்தச் சத்தமும் இல்லாமல் நிற்கும். ஆனால் எஞ்சின் எப்போது வேண்டுமானாலும் தானாகப் பற்றிக்கொள்ளும். உள்ளே கை வைத்திருக்கும்போது அது நடந்தால் விரல் மிஞ்சாது. வண்டியை முழுதாக அணைத்து, ஸ்மார்ட் கீயைத் தூரமாக வைத்துவிட்டு, அதன் பிறகுதான் கையை விட வேண்டும்.

பிளக்கை எப்போது மாற்றுவது?

பிரியஸின் அமெரிக்கக் கையேடு இரிடியம் பிளக்குகளுக்கு 1,20,000 மைல், அதாவது சுமார் 1,92,000 கி.மீ. கொடுக்கிறது. நான் அவ்வளவு காத்திருக்கச் சொல்ல மாட்டேன். பாதி தூரத்தில் ஒருமுறை கழற்றிப் பார்த்துவிடுவது நல்லது. கி.மீ. மீட்டர் மோட்டாரில் ஓடிய தூரத்தையும் சேர்த்து எண்ணுகிறது, எஞ்சின் அவ்வளவு ஓடவில்லையே என்று சிலர் சொல்வார்கள். வாஸ்தவம். ஆனால் அந்த எஞ்சின் ஒரே பயணத்தில் எத்தனை முறை நின்று பற்றியது என்பதையும் கணக்கில் எடுங்கள்.

பிரியஸில் பிளக்கை எட்டுவதே தனி வேலை. கண்ணாடிக்குக் கீழே வைப்பர், அதன் மோட்டார், அதைத் தாங்கும் தட்டு எல்லாம் கழன்றால்தான் கை தாராளமாகப் போகும். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். ஹெட் (சிலிண்டர்களின் மேல்மூடி) அலுமினியம், சூட்டில் திருகினால் மரை போய்விடும். காயிலை உருவியதும் பிளக் குழியைக் காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள், இல்லாவிட்டால் அங்கிருக்கும் மண் நேராகச் சிலிண்டருக்குள் போகும்.

கழற்றிய பிளக்குகளைச் சிலிண்டர் வரிசையிலேயே ஒரு துணியில் அடுக்குங்கள். நான்கும் இளம் பழுப்பாக இருந்தால் நல்லது. ஒன்று மட்டும் கறுத்து ஈரமாக இருந்தால் அங்கே பொறி விழவில்லை, அல்லது இன்ஜெக்டர் ஒழுகுகிறது. ஒன்று மட்டும் புதிதுபோல வெளுத்து, கழுவிவிட்டதுபோல இருந்தால் உற்சாகப்படாதீர்கள். அங்கே கூலண்ட் போகிறது. பீங்கானில் மெல்லிய கரிக்கோடு ஓடினால் பொறி வெளிப்பக்கமாகத் தப்பிக்கிறது, பிளக்கோடு காயிலின் ரப்பர் உறையையும் மாற்றுங்கள். குழியில் ஆயில் நின்றால் டேப்பட் கவர் சீல் போய்விட்டது. அதை மாற்றாமல் புதுக் காயில் போட்டால் அதுவும் ஊறிப்போகும்.

பிளக் முனைகளின் இடைவெளி பிரியஸில் 1.0 முதல் 1.1 மி.மீ. பழைய காலத்து வழக்கத்தில் சுத்தியலால் தட்டிச் சரிசெய்ய வேண்டாம். இரிடியம் முனை மெல்லியது, ஒடிந்துவிடும்.

காயில் போய்விட்டதா என்று எப்படி உறுதி செய்வது?

இடம் மாற்றிப் போட்டு. கோடு பி0302 என்றால் இரண்டாவது சிலிண்டரின் காயிலை மூன்றாவதில் போடுங்கள், மூன்றாவதை இரண்டாவதில். கோடை அழித்து ஓட்டிப் பாருங்கள். பி0303 ஆக மாறினால் காயில்தான். மாறவில்லை என்றால் அடுத்து பிளக்கை அதேபோல மாற்றிப் போடுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டையும் சேர்த்து மாற்றிவிட்டு எது குற்றவாளி என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது.

கனெக்டரின் பிளாஸ்டிக் கொக்கி பத்து வருடச் சூட்டில் பொரிந்துபோயிருக்கும். உடைந்த கொக்கியோடு செருகிய கனெக்டர் அதிர்வில் தளர்ந்து, அதுவே மிஸ்ஸாக வரும். பொறுமையாகக் கழற்றுங்கள்.

என் ஹோண்டாவில் எட்டு பிளக் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. 2006 முதல் 2011 வரையிலான சிவிக் ஹைபிரிட், இரண்டாம் தலைமுறை இன்சைட் ஆகியவற்றின் 1.3 லிட்டர் எஞ்சினில் சிலிண்டருக்கு இரண்டு பிளக். முன்வரிசை நான்கு சுலபமாகக் கைக்கு வரும். பின்வரிசை நான்கு வராது. "பிளக் மாத்தியாச்சு" என்று பில் இருந்தும் உதறல் போகாத வண்டிகளில் பின்வரிசை தொடப்படாமலே கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். பழைய பிளக்குகளை எட்டாக எண்ணி வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்ஜெக்டர், பெட்ரோல் பக்கம்?

எஞ்சின் ஓடும்போது நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை இன்ஜெக்டரில் வைத்துப் பிடியைக் காதில் ஒட்டினால் "டிக் டிக்" கேட்கும். நான்கில் ஒன்று மௌனமாக இருந்தால் அதன் ஒயரையும், இன்ஜெக்டருக்குள் இருக்கும் சுருளின் ரெசிஸ்டன்ஸையும் பாருங்கள். இந்த வகை இன்ஜெக்டர்களில் பெரும்பாலும் 11 முதல் 16 ஓம் இருக்கும். நான்கையும் ஒப்பிட்டுப் பார்ப்பதே போதும்.

ஹைபிரிட் குறைவாகக் குடிப்பதால் ஒரு டேங்க் பெட்ரோல் வாரக்கணக்கில் கிடக்கும். மாதக்கணக்கில் ஓட்டாத வண்டி உதறினால் புதுப் பெட்ரோல் நிரப்பி ஒரு நீண்ட பயணம் போய்வந்த பிறகு மற்றதைப் பேசுவோம்.

காற்று வழியில் என்ன பார்ப்பது?

பிரியஸின் எஞ்சின்கள் அட்கின்சன் முறையில் ஓடுபவை. உள்வால்வு தாமதமாக மூடுவதால் சிலிண்டருக்குள் இழுத்த காற்றில் ஒரு பங்கு திரும்ப மேனிஃபோல்டுக்கே (காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துத் தரும் குழாய்) தள்ளப்படுகிறது. கிராங்க்கேஸிலிருந்து வரும் ஆயில் ஆவியும் அங்கேதான் வந்து சேர்கிறது. விளைவு, மேனிஃபோல்டின் அடியில் ஆயில் தேங்கும், த்ராட்டில் தகட்டின் ஓரத்தில் கறுப்புப் பிசின் படியும். ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றி டார்ச் அடித்தாலே தெரியும். த்ராட்டில் கிளீனரைத் துணியில் நனைத்துத் துடையுங்கள், தகட்டை விரலால் தள்ளித் திறக்காதீர்கள். உள்ளே போகும் காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சாருக்குத் தனி ஸ்பிரே உண்டு. த்ராட்டில் கிளீனரை அதில் அடித்தால் சென்சார் போச்சு.

ஸ்கேனரில் லாங் டேர்ம் ஃப்யூவல் டிரிம் (கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவு) 10 சதவீதத்துக்கு மேல் கூட்டலில் நின்றால் எங்கோ அளக்கப்படாத காற்று நுழைகிறது, அல்லது பெட்ரோல் போதவில்லை. வேக்கம் ஹோஸ்களையும் மேனிஃபோல்டு காஸ்கெட்டையும் தேடுங்கள்.

காலையில் மட்டும் பயங்கரமாக உதறுகிறது, பத்து நொடியில் சரியாகிவிடுகிறது. விட்டுவிடலாமா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். விடவே கூடாது.

ஹெட்டுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் சீலான ஹெட் காஸ்கெட்டில் மயிரிழை அளவு வழி விட்டிருக்கும். ஓடும்போது சிலிண்டர் அழுத்தம் அதிகம், அதனால் கூலண்ட் உள்ளே வராது. வண்டியை நிறுத்தியதும் சூடான கூலண்ட் சிஸ்டத்தில் அழுத்தம் இருக்கும், சிலிண்டரில் இருக்காது. இரவெல்லாம் சொட்டுச் சொட்டாக இறங்கி பிஸ்டன் தலையில் தேங்கும். காலையில் அந்தச் சிலிண்டர் நனைந்த பிளக்கோடு தள்ளாடி, தண்ணீரைத் துப்பி முடித்ததும் சீராகிவிடும். மெக்கானிக்கிடம் போய்ச் சேரும்போது எஞ்சின் சூடாக இருக்கும், நோய் ஒளிந்துகொள்ளும். அவர் காயிலை மாற்றி அனுப்புவார். நான்கு நாள் கழித்து மறுபடி.

அப்படி மூன்று காயில், இரண்டு செட் பிளக் மாற்றிய ஒரு வண்டி என்னிடம் வந்தது. அன்று ஒன்றும் செய்யாமல் இரவு முழுதும் நிற்க வைத்தேன். காலையில் எஞ்சினைப் பற்றவைக்காமலே பிளக்குகளைக் கழற்றி, போரஸ்கோப் கேமராவை ஒவ்வொரு குழியாக விட்டேன். மூன்று பிஸ்டன்கள் கரி பிடித்துக் கறுப்பாக இருந்தன. ஒன்றின் தலை மட்டும் தேய்த்துக் கழுவிய பாத்திரம்போலப் பளபளத்தது. ஓரத்தில் இளஞ்சிவப்பாக ஒரு சொட்டு. கூலண்டின் நிறம் அது. ஒவ்வொரு காலையும் ஆவி அடித்தே அந்த பிஸ்டன் சுத்தமாகியிருந்தது.

நீங்களே செய்யக்கூடியது: எஞ்சின் ஆறியிருக்கும்போது எஞ்சின் கூலண்ட் டப்பாவில் மட்டம் எங்கே என்று ஒரு கோடு போடுங்கள். இரண்டு வாரம் கழித்துப் பாருங்கள். வெளியே சொட்டாமல் மட்டம் இறங்கினால் அது எங்கேயோ போகிறது. பானெட்டுக்குள் இரண்டு டப்பா இருக்கும், ஒன்று எஞ்சினுக்கு, ஒன்று இன்வெர்ட்டருக்கு. இன்வெர்ட்டர் டப்பா நிரம்பியிருப்பதைப் பார்த்து நிம்மதி அடைந்தவர்கள் ஏராளம்.

கூலண்டில் புகை வாயு கலந்திருக்கிறதா என்று காட்டும் நீலத் திரவச் சோதனை உண்டு. வாயு இருந்தால் மஞ்சளாகும். கசிவு பெரிதானால்தான் அது பிடிக்கும். ஆரம்ப நிலையில் நீலமாகவே இருந்துவிட்டு நம்மை ஏமாற்றும். ஆறிய எஞ்சினில் பிரஷர் டெஸ்டரை மாட்டி, மூடியில் குறித்த அழுத்தம் வரை ஏற்றி, சில மணி நேரம் விட்டு, கேமராவில் பார்ப்பதுதான் நம்பகமானது.

தள்ளிப்போட்டால் என்ன ஆகும்? ஒரு நாள் பிஸ்டன் மேல் தேங்கியது கொஞ்சம் அதிகமாக இருக்கும். திரவம் அமுங்காது. மோட்டாரோ தயங்காமல் எஞ்சினைச் சுற்றும். கனெக்டிங் ராடு வளையும். அதன் பிறகு காஸ்கெட் வேலை இல்லை, எஞ்சின் வேலை.

ஊற்றினால் கசிவு அடைந்துவிடும் என்று ஒரு திரவம் விற்கிறார்களே?

வேண்டாம். அடைக்க வேண்டிய இடத்தோடு ஹீட்டர் கோர், ஈஜிஆர் கூலர் என்று குறுகலான இடங்களையும் அடைக்கும். மூன்றாம் தலைமுறைப் பிரியஸில் கூலண்ட் பம்பே மின்சாரத்தில் ஓடுவது, அதையும் கெடுத்துக்கொள்வீர்கள்.

ஈஜிஆருக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

மூன்றாம் தலைமுறைப் பிரியஸின் 1.8 லிட்டர் எஞ்சினில் புகையின் ஒரு பங்கு கூலரில் ஆறி, வால்வு வழியாக மேனிஃபோல்டுக்குத் திரும்புகிறது. அங்கிருந்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு சிறு துளை. வருடங்கள் போகப்போக கூலரில் கரி அப்பும். துளைகளும் அடையும், ஆனால் ஒரே அளவில் அடையாது. இரண்டு துளை அடைந்தால் மிச்சம் இரண்டு சிலிண்டருக்குப் பங்கு கூடிப்போய் அங்கே மிஸ் அடிக்கும். அடைந்த சிலிண்டர்கள் அளவுக்கு மீறிச் சூடாகும். அந்தச் சூடுதான் கடைசியில் காஸ்கெட்டைப் பதம் பார்க்கிறது என்பது இந்த வண்டிகளைப் பிரிக்கும் பலரின் கருத்து, என்னுடையதும். ஈஜிஆர் ஓட்டம் போதவில்லை என்னும் பி0401 கோடு வரும் வரை காத்திருந்தால் தாமதம். 80,000 கி.மீ.க்கு ஒருமுறை கூலர், வால்வு, மேனிஃபோல்டு மூன்றையும் கழற்றிச் சுத்தம் செய்வது என் கணக்கு. ஹெட் காஸ்கெட் மாற்றிவிட்டு ஈஜிஆரைத் தொடாமல் மூடுவது அரை வேலை.

இரண்டாம் தலைமுறைப் பிரியஸின் 1.5 லிட்டரில் ஈஜிஆரே இல்லை. முதல் தலைமுறை ஹோண்டா இன்சைட்டில் உண்டு. லேசாக மிதித்துப் போகும்போது வண்டி குதிரைபோல உதைத்தால் அங்கே கரியைத் தேடுங்கள்.

கம்ப்ரஷன் டெஸ்ட் எடுக்கலாமா?

பிஸ்டன் ஏறும்போது சிலிண்டரில் எவ்வளவு அழுத்தம் வருகிறது என்று அளக்கும் இந்தச் சோதனையை எடுக்கலாம், ஆனால் சாவி திருகி ஸ்டார்ட்டரில் சுற்றும் வேலை பிரியஸில் நடக்காது. பெட்ரோல் இல்லாமல் எஞ்சினை மட்டும் சுற்றவிட கம்பெனி ஸ்கேனரில் தனி வசதி உண்டு, அது வேண்டும். காகிதத்தில் கம்ப்ரஷன் விகிதம் 13:1 என்று போட்டிருந்தாலும், உள்வால்வு தாமதமாக மூடுவதால் கேஜில் முள் குறைவாகத்தான் நிற்கும். அதைப் பார்த்து எஞ்சின் தேய்ந்துவிட்டது என்று சொல்லிவிடாதீர்கள்; கையேட்டின் எண்ணோடும், நான்கு சிலிண்டரையும் ஒன்றோடு ஒன்றும் ஒப்பிடுங்கள்.

எனக்குப் பிடித்தது லீக் டவுன். பிஸ்டனை மேலே கொண்டுவந்து சிலிண்டருக்குள் காற்றைச் செலுத்திவிட்டு, காது கொடுத்துக் கேட்பது. ஆயில் மூடியில் சீறினால் ரிங். த்ராட்டிலில் சீறினால் உள்வால்வு. சைலன்சரில் சீறினால் வெளிவால்வு. கூலண்டில் குமிழி வந்தால் காஸ்கெட்.

ஹைபிரிட் பேட்டரி தளர்ந்தால் மிஸ் அடிக்குமா?

நேரடியாக அடிக்காது. தளர்ந்த பேட்டரியால் எஞ்சின் அடிக்கடி பற்றும், காரணமில்லாமல் உறுமும், இழுவை ஏறி இறங்கும். அதை உதறல் என்று சிலர் சொல்வார்கள். ஆனால் பி0301 மாதிரிக் கோடு வந்தால் பேட்டரியைக் குறை சொல்ல முடியாது. பேட்டரியை மாற்றச் சொல்பவரிடம் எந்தக் கோடை வைத்துச் சொல்கிறார் என்று கேளுங்கள். சின்ன 12 வோல்ட் பேட்டரி வேறு கதை. அது இறங்கினால் சம்பந்தமில்லாத பத்துக் கோடுகள் ஒன்றாக விழும், ஆகவே எதையும் பிரிப்பதற்கு முன் அதை அளந்துவிடுங்கள்.

எலி கடித்திருக்குமோ?

இருக்கலாம். நாட்கணக்கில் நின்ற வண்டி திடீரென்று ஒரு சிலிண்டரில் மிஸ் அடித்தால் இன்ஜெக்டர், காயில் ஒயரிங்கை டார்ச் அடித்துப் பாருங்கள். புழுக்கையும் பஞ்சும் கிடந்தால் வேறு சாட்சி தேவையில்லை. இன்சுலேஷன் டேப் சுற்றி முடித்துவிடாமல் ஒயரை ஒட்டுச் சேர்த்து, வெப்பம் தாங்கும் உறை போடச் சொல்லுங்கள்.

எல்லாம் சரிசெய்து கோடையும் அழித்தாயிற்று. விளக்கு வரவில்லை. முடிந்ததா?

மிஸ் அளவு குறைவாக இருந்தால் முதல் பயணத்தில் கோடு உள்ளே பதிவாகும், இரண்டாவது பயணத்திலும் வந்தால்தான் விளக்கு எரியும். ஆகவே விளக்கை நம்பாதீர்கள்; ஸ்கேனரில் நிலுவைக் கோடுகள் பக்கத்தையும், சிலிண்டர்வாரியான மிஸ் எண்ணிக்கையையும் பாருங்கள். ஒரு ஆறிய காலை ஸ்டார்ட், ஒரு மேடு, சீரான வேகத்தில் அரை மணி நேரம் என்று ஓட்டிவிட்டு எண்ணிக்கை பூஜ்யத்தில், அல்லது அதை ஒட்டி நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். சில வாரம் கழித்து பி0420 வந்தால் மிஸ் திரும்பவில்லை; அது அடித்த நாட்களில் கன்வெர்ட்டர் அடிவாங்கியிருக்கிறது. கூலண்ட் டப்பாவில் போட்ட கோட்டை மட்டும் அழித்துவிடாதீர்கள், அடுத்த மாதமும் ஒருமுறை பார்க்க வேண்டியிருக்கும்.